வதிவிடத்தின் விலை

1841ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 6ஆம் நாள் பேர்லின் நகரிலிருந்து ஜேனாப் பல்கலைக்கழகத்தின் மெய்யியற் பீடாதிபதிக்கு ஒரு கடிதம் எழுதப்பட்டது. கடிதத்தோடு ஓர் ஆய்வேடும் சில சான்றிதழ்களும் பட்டக் கட்டணமும் சென்றன. டெமோகிரித்தஸ், எபிக்கூரஸ் என்னும் பண்டைக் கிரேக்க அறிஞர் இருவருடைய இயற்கைத் தத்துவங்களுக்கிடையே காணப்படும் வேறுபாடே ஆய்வின் பொருள். ஒன்பது நாட்களின் பின், ஏப்ரில் 15ஆம் நாள், ஜேனா கலாநிதிப் பட்டத்தை வழங்கிற்று. பட்டம் பெற்ற இளைஞருக்கு அப்போது வயது இருபத்திரண்டு. பெயர் கார்ல் மார்க்ஸ். பொன் நகரிலும் பேர்லினிலும் அவர் பயின்றவர். ஜேனாவின் மாணவராக ஒருநாளேனும் இருந்தவரல்லர்.

தபால்மூலம் பெற்ற பட்டம் என்றதும் முகஞ்சுளிப்போர் நம்மிடையே உளர். மார்க்ஸ் அவ்வழியை நாடியதற்குக் காரணங்கள் இருந்தன. தந்தையார் 1838இல் மறைந்தபின் வீட்டிலிருந்து வந்த பணம் சுருங்கிற்று. பேர்லினிலே பட்டக் கட்டணம் அதிகம், நடைமுறையும் நீண்டது. அன்றியும், 1840இல் பிரஷ்ய அரியணை ஏறிய புதிய மன்னரின் ஆட்சியில் ஹெகலின் இளஞ்சீடர்கள் ஐயக்கண்கொண்டு நோக்கப்பட்டனர். ஜேனாவோ சிறிய பல்கலைக்கழகம். பட்டக் கட்டணத்திற் பேராசிரியர்களுக்கும் பங்குண்டு. எனவே நேரில் வாராதார்க்கும் பட்டம் வழங்க அது தயங்கவில்லை. இசைமேதை ரொபேட் சூமான் முந்திய ஆண்டில் அங்கேதான் கலாநிதியானார்.

இம்முறைக்கு எதிராக 1876ஆம் ஆண்டு வலிமைமிக்க ஒரு குரல் எழுந்தது. உரோம வரலாற்றாசிரியர் தியோடர் மொம்சன் 'ஜேர்மனியின் போலிக் கலாநிதிகள்' என்னும் கருத்துப்படத் தலைப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆளைக் காணாது, வாய்மொழியாய்ச் சோதியாது, காசை வாங்கிக்கொண்டு பட்டத்தை அனுப்பிவைப்பது கல்வியை விற்பதாகும் என்பது அவர் குற்றச்சாட்டு. அவர் கூறியதிற் பெரும்பகுதி உண்மை. பின்வந்த ஆண்டுகளில் ஜேர்மன் பல்கலைக்கழகங்கள் அவ்வழக்கத்தைக் கைவிட்டன. எனினும், மொம்சனின் அளவுகோலை முப்பத்தைந்து ஆண்டு முன்னரே ஜேனா கைக்கொண்டிருப்பின் மார்க்சின் ஆய்வேட்டுக்கு யாது நேர்ந்திருக்கும் என்று எண்ணிப்பார்ப்பதும் தவறன்று.

இப்பழங்கதையை நாம் இங்கு எடுப்பதற்குக் காரணம் உண்டு. வீட்டிலிருந்தபடியே இணையவழியாகப் பயின்று, ஆண்டுக்கு ஓரிரு வாரம் வெவ்வேறு நாடுகளிற் கூடி வதிந்து, கலாநிதிப் பட்டம் பெறும் முறை இன்று பரவி வருகின்றது. நம் ஆசிரிய நண்பர் பலர் இதனை நாடுகின்றனர். இது மெய்யான பட்டந்தானா என்று நம்மை வினவுவாரும் உளர். தரத்தைப் பற்றிய அவ்வினாவுக்கு விடையைப் பெரும்பாலும் மொம்சனே தந்துவிட்டார்: ஆய்வைப் படிப்பவரும் ஆய்வாளரைச் சோதிப்பவரும் நேர்மையாக நடந்தாரா என்று பார்த்தாற் போதும். நமக்கு வேறொரு வினா இருக்கின்றது. கல்வியின்பொருட்டு ஓரிடத்திலே போய் வதிவதற்கு ஆகும் செலவை, காலத்தை, சம்பள இழப்பை யார் பொறுப்பது? பல்கலைக்கழக வரலாற்றை இவ்வினாவோடு படித்தால் அது வேறொரு வரலாறாகத் தோன்றுகின்றது.

பழைய ஆங்கிலப் பல்கலைக்கழகங்களிலே வதிதல் என்பது சொல்லளவில் நின்றதன்று. மைல் கணக்கில் அளக்கப்பட்டது. கேம்பிரிட்ஜிலே பட்டத்துக்குப் பயிலும் மாணவர் புனித மரியாள் பெருந்தேவாலயத்திலிருந்து மூன்று மைலுக்குள் தவணைதோறும் குறித்த இரவுகளைக் கழித்திருத்தல் வேண்டும். இலண்டனிலே பாரிஸ்டராக விரும்புவோர் தத்தம் சட்டக் கழகத்து மண்டபத்தில் இத்தனை இராப்போசனம் உண்டார் என்பதே தவணைக் கணக்காயிற்று. மோகன்தாஸ் காந்தி அவ்விருந்துகளைப் பற்றிச் சுவைபடக் கூறியுள்ளார். நால்வருக்கு இரண்டு போத்தல் மது வைக்கப்படும். அவர் மதுவைத் தீண்டாதவராதலால் அவரைத் தம்மோடு நால்வருள் ஒருவராக இருத்திக்கொள்ளப் பலரும் விரும்பினராம்! சட்டம் அறிந்தவரா என்பதற்கு முன், கனவான்களோடு இருந்து உண்டவரா என்று பார்த்தார்கள். செலவிடப் பணமும், ஓய்வும், 1871ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பெரும்பாலும் ஆங்கிலத் திருச்சபையின் விசுவாசமும் உடைய ஆடவர்க்கே அவ்வாயில் முழுமையாகத் திறந்திருந்தது. பெண்களுக்கு முழுப்பட்டம் வழங்குவதற்குக் கேம்பிரிட்ஜ் 1948வரை காத்திருந்தது.

இந்த மூன்று மைல் வட்டத்தை உடைத்தது இலண்டன் பல்கலைக்கழகம். 1836இல் அது தொடங்கியபோது, இணைக்கப்பட்ட கல்லூரிகளிற் பயின்றோரே அதன் பரீட்சைக்குத் தோற்றலாம். 1858ஆம் ஆண்டுப் பட்டயம் அவ்விதியை, மருத்துவம் நீங்கலாக, அகற்றிற்று. எங்கே படித்தாய் என்று கேளாது, என்ன படித்தாய் என்று மட்டும் கேட்கும் பல்கலைக்கழகம் அன்று தோன்றிற்று. 1865இல் மொரீசியஸ் தீவிலே அதன் பரீட்சை நடந்தது. 1878இல் பெண்களுக்கும் பட்டங்கள் திறந்துவிடப்பட்டன. குடியேற்ற நாடுகளில் வினாத்தாள் கப்பலேறி வரும். விடைத்தாள் கப்பலேறிச் செல்லும். மாணவன் கப்பலேற வேண்டியதில்லை.

இலங்கையர் இதனை நன்கு அறிவர். 1921இல் கொழும்பிலே நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும் வரை, இலண்டன் பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. அதற்கு முன்னும் பின்னும், பகலிற் கற்பித்து இரவில் விளக்கொளியிற் படித்து இலண்டன் பரீட்சையை எழுதிய ஆசிரியர் ஒரு தலைமுறையினர் நம் நாட்டில் வாழ்ந்தனர். காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார் அவர்களுள் ஒருவர். யாழ்ப்பாணத்திலே விஞ்ஞானம் கற்பித்த காலத்திலே படித்து, 1920இல் இலண்டன் விஞ்ஞானமாணிப் பட்டம் பெற்றார். அவரே பின்னர் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தர் ஆனவர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர். இலண்டனிற் கால்வைக்காத இலண்டன் பட்டதாரி ஒருவர் நமது உயர்கல்வித் தமிழுக்கு அடிகோலினார் என்பது சிறிய செய்தியன்று. இம்முறையின் குறையையும் மறைத்தலாகாது. பாடத்திட்டம் இலண்டனில் வகுக்கப்பட்டது; ஆகவே மட்டக்களப்பு மாணவன் தன் ஊர் வாவியை அறியுமுன் தேம்ஸ் நதியை அறிந்தான்.

முதற்பட்டத்துக்கு இவ்வாறு வழி பிறந்தது. கலாநிதிப் பட்டமோ நெடுங்காலம் கப்பலையே வேண்டி நின்றது. ஆய்வென்றால் நூலகம் வேண்டும், மேற்பார்வையாளர் வேண்டும், வருடங்கள் வேண்டும். இவை அனைத்தும் பெருநகரங்களில் இருந்தன. அங்கு வதியும் விலை என்ன என்பதை அம்பேத்கரின் வாழ்க்கையைப்போற் காட்டுவது வேறொன்றை நாம் அறியோம்.

பரோடா மன்னர் அளித்த மூன்றாண்டு உதவிப்பணத்துடன் 1913இல் அவர் நியூயோர்க் சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். 1916இல் இலண்டனுக்கு வந்து பொருளியற் கல்லூரியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் பதிந்தார். மறு ஆண்டே உதவிப்பணம் முடிந்தது. ஒப்பந்தப்படி பரோடாவில் அரச சேவைக்குத் திரும்ப நேர்ந்தது. கல்லூரி, நான்கு ஆண்டுக்குள் மீண்டு வந்து தொடரலாமென அனுமதித்தது. அவர் சேர்த்த நூல்கள் வேறொரு கப்பலில் வந்தன. உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். அக்கப்பல் நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கிற்று.

பரோடாவிலே நடந்ததை அவரே எழுதிவைத்துள்ளார். நியூயோர்க்கிலும் இலண்டனிலும் வதிந்து கற்றவருக்குச் சொந்த நாட்டு நகரொன்றில் தங்க இடமில்லை. தீண்டாச் சாதியினர் என்று அறிந்தால் விடுதிகள் சேர்க்கமாட்டா. பார்சி விடுதியொன்றிலே, பார்சிப் பெயரொன்றைப் பதிந்து, வெளிச்சமற்ற மாடியில் தனியே தங்கினார். பதினோராம் நாட்காலையிலே தடியேந்திய பார்சிகள் ஒரு கூட்டமாய் மாடியேறி வந்து, மாலைக்குள் வெளியேறுமாறு பணித்தனர். நண்பர்களின் வீடுகளிலும் இடங் கிட்டவில்லை. பூங்காவொன்றில் மாலைவரை இருந்துவிட்டு இரவு வண்டியிற் பம்பாய்க்குத் திரும்பினார். இந்நிகழ்ச்சி அடங்கிய நினைவுக் குறிப்புகளுக்கு வாய்த்த தலைப்பு 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. பல்கலைக்கழக விதிப்புத்தகத்திலே வதிவிடம் என்னும் சொல்லைக் காணும்போதெல்லாம் அந்தப் பூங்கா நமது நினைவுக்கு வருகின்றது.

பின்னர் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியிற் பேராசிரியராயிருந்து சம்பளத்திற் சேமித்து, கோலாப்பூர் மன்னரின் உதவியோடும் நண்பரொருவரிடம் வாங்கிய கடனோடும் 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். 1922இல் ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். பிரித்தானிய ஆட்சியின் நாணயக் கொள்கையைச் சாடிய அந்நூலைத் திருத்தித் தருமாறு பரீட்சகர்கள் கேட்டனர். அதற்குள் கைப்பணம் தீர்ந்தது. 1923 ஏப்ரிலில் நாடு திரும்பி, பம்பாயில் இருந்தபடியே திருத்தியெழுதி இலண்டனுக்கு அனுப்பினார். ஆண்டிறுதியில் விஞ்ஞான கலாநிதிப் பட்டம் கிடைத்தது. கொலம்பியா ஆய்வேட்டின் கதை இன்னும் நீண்டது. ஆய்வேட்டை அச்சிட்டுப் பிரதிகளை ஒப்படைத்தாலன்றிப் பட்டம் வழங்குவதில்லை என்பது அங்கு விதி. அச்சுக்கூலிக்கு வழியேது? நூல் 1925இல் வெளிவந்தது. பட்டம் 1927இல் வந்தது. ஆக, அம்பேத்கரின் இரு கலாநிதிப் பட்டங்களும் அவர் பம்பாயில் வதிந்த காலத்திலேயே அவரை அடைந்தன.

இதனால் ஓரிடத்தில் வதிந்து கற்பது வீணென்று நாம் சொல்ல வரவில்லை. நமக்கு அண்மையதான ஓர் உதாரணம் அதனை மறுக்கும். கைலாசபதி பேர்மிங்ஹாம் சென்று, 1966இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். தமிழ் வீரயுகப் பாடல்களைப் பற்றிய அவ்வாய்வு 1968இல் ஒக்ஸ்போர்டில் நூலாயிற்று. சிவத்தம்பி அதே இடத்தில் பண்டைத் தமிழ்ச் சமூகத்து நாடகத்தை ஆராய்ந்து 1970இல் பட்டம் பெற்றார். இருவரையும் அங்கு ஈர்த்தவர் மார்க்சியக் கிரேக்க அறிஞர் ஜோர்ஜ் தொம்சன். தொம்சன் இளமையில் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கப்பால் உள்ள பிளாஸ்கற் தீவுக்குச் சென்று, மீனவரோடு தங்கி, ஐரிஷ் மொழியைக் கற்றவர். கதையும் பாட்டும் இயல்பாக வாய்மொழியில் வாழ்ந்த அச்சமூகத்தைக் கண்டபின்னரே ஹோமரின் மொழி எத்தகையது என்பது தமக்கு விளங்கிற்று என்று அவர் கூறுவார். மீனவர் குடிசையிற் பெற்ற அவ்விளக்கம் பேர்மிங்ஹாமுக்கு வந்து, அங்கிருந்து நமது பாணருக்கும் புலவருக்கும் ஒளி தந்தது. புத்தகத்தை மட்டும் வாங்கிப் படித்திருந்தால் இது நிகழ்ந்திருக்குமா? ஐயமே. ஒருவரோடு இருந்து, உரையாடி, முரண்பட்டுக் கற்பதற்கு ஈடில்லை. அதனாலேதான் அதன் விலை பற்றிய கேள்வி கூர்மை பெறுகின்றது. பயனற்ற பொருளாயின் யார் விலை கேட்பார்?

மீண்டும் தபாற் பட்டத்துக்கு வருவோம். மொம்சன் ஜேர்மனியிலே போர்தொடுத்த அதே காலத்தில், அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலிருந்த வெஸ்லியன் பல்கலைக்கழகம் வதிவிடமின்றிக் கலாநிதிப் பட்டம் வழங்கும் முறையைத் தொடங்கியது. அது மெதடிஸ்தரின் சிறு கல்விக்கூடம். நூற்பட்டியல் தபாலில் வரும். மாணவர் தத்தம் ஊரிற் படித்து மேற்பார்வையின்கீழ் எழுத்துப் பரீட்சை எழுதி, ஆய்வேடு சமர்ப்பிப்பர். கனடாவிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும்கூடச் சிலர் சேர்ந்தனர். பயன்பெற்றோர் பெரும்பாலும் பாதிரிமாரும் ஆசிரியருமே. ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் பெருகி, கலாநிதிப் பட்டத்தின் தரத்தைக் காக்கச் சங்கங்கள் அமைத்து நெருக்கவே, 1910இல் அது மூடப்பட்டது. தரத்துக்காக நடந்த அப்போராட்டம் நியாயமானது. நாட்டுப்புறப் பள்ளி ஆசிரியர் இனி எங்கே செல்வார் என்ற கேள்வியை மட்டும் எவரும் பதிவு செய்ததாகத் தெரியவில்லை.

அக்கேள்விக்கு வேறொரு நாடு வேறொரு விடையைத் தேடிற்று. சோவியத் நாட்டிலே தொலைவிலிருந்து கற்றல் உயர்கல்வியின் ஓரத்தில் நின்றதன்று, அதன் பெரும்பகுதியாயிற்று. 1960-61 கல்வியாண்டில் இருந்த ஏறத்தாழ 24 இலட்சம் உயர்கல்வி மாணவருள் பாதிக்கு மேற்பட்டோர் மாலைநேர மாணவரும் தபால்வழி மாணவருமே. ஆய்வுப் பட்டத்துக்கும் அவ்வழி இருந்தது. தொழிலிலே இருந்துகொண்டு தபால்வழி ஆய்வு செய்பவர்க்கு ஆண்டுதோறும் 30 நாள் மேலதிக விடுமுறை உண்டு, சம்பளம் நிற்காது, நிறுவகத்துக்குச் சென்றுவரும் பயண நாட்கள் அதற்குப் புறம்பு. வாரத்தில் ஒரு நாள் பாதிச் சம்பளத்தோடு ஆய்வுக்கு ஒதுக்கப்பட்டது. 1991க்குப் பின் சோவியத் ஒன்றியம் மறைந்தபோதும் ருசியச் சட்டத்தில் இவ்வேற்பாடு தொடர்ந்தது. அதாவது, மாணவன் ஓரிடத்தில் வதிந்து கற்க வேண்டிய நாட்களின் விலையை வேலைத்தலம் ஏற்றது.

அங்கும் எல்லாம் செவ்வையாயிருந்தது என்று நாம் எழுதினால் அது வரலாறாகாது. தபால்வழி மாணவர் பலர் இடைநடுவிற் கைவிட்டனர். அவர்களது பட்டத்தைப் பகல்நேரப் பட்டத்தினுங் குறைவாக மதிக்கும் மனப்பான்மை அந்நாட்டிலும் இருந்தது. எதை ஆராயலாம், எதை ஆராயலாகாது என்று கட்சி வகுத்த எல்லைகளோ அனைவரும் அறிந்தவை. ஆயினும் அந்த 30 நாள் விதியை எவரும் நையாண்டி செய்துவிட முடியாது. அதனைப் படிக்கும் ஆசிரியர் எவரும் தமது விடுமுறைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளாதிரார்.

பிரித்தானியாவிலே 1969இல் பட்டயம் பெற்று 1971இல் மாணவரைச் சேர்த்த திறந்த பல்கலைக்கழகத்தில் முதலிற் சேர்ந்தோருள் ஆசிரியர்களே மிகப்பெரிய பிரிவினர். வானொலி, தொலைக்காட்சி, தபால் ஆகியவற்றோடு கோடையில் ஒரு வாரம் வதிந்து கற்கும் முறையையும் அது வைத்தது. இலங்கையில் 1980இல் திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதும் அம்மரபிலேயே. இவை அரசு தாங்கிய நிறுவனங்கள்.

அமெரிக்காவிலே கதை வேறு திசையிற் சென்றது. 1970ஆம் ஆண்டு நியூயோர்க்கைச் சேர்ந்த ஆசிரியத் தம்பதியர் பேர்னி டேர்னர், றீற்றா டேர்னர் இருவரும் வால்டன் நிறுவகத்தைத் தொடங்கினர். பாடநெறியை முடித்தும் ஆய்வேட்டை எழுத வழியின்றி நின்ற பள்ளி ஆசிரியர்களும் அதிபர்களுமே அவர்கள் கண்முன் நின்றவர்கள். 1971இல் புளோரிடா மாநிலத்து நேப்பிள்ஸ் நகரிலே முதற் கோடை அமர்வு நடைபெற்றது. கோடையிற் கூடிக் கற்றல், எஞ்சிய மாதங்களில் வீட்டிலிருந்து ஆய்தல்: இன்றைய இணையவழிக் கலாநிதிக் கல்வியின் அச்சு அங்கே வார்க்கப்பட்டது. நோக்கம் நல்லது, தொடங்கியவர்கள் ஆசிரியர்கள்.

பிறகு இணையம் வந்தது. அதன்பின்னே மூலதனம் வந்தது. நிறுவனம் கைமாறிக் கைமாறி, 2021இல் 148 கோடி டொலருக்கு ஒரு கம்பனியிடமிருந்து மற்றொரு கம்பனிக்கு விற்கப்பட்டது. 2022இல் அதன் மாணவியர் சிலர் வழக்குத் தொடுத்தனர். வணிகத்துறைக் கலாநிதிக் கற்கைக்கு ஆகும் காலத்தையும் செலவையும் குறைத்துக் காட்டி, கறுப்பினத்தாரையும் பெண்களையும் இலக்காகக்கொண்டு சேர்த்து, ஆய்வேட்டுப் படியிலே இழுத்தடித்துக் கட்டணம் அறவிட்டனர் என்பது அவர்களது முறைப்பாடு. 2024இல் 2 கோடியே 85 இலட்சம் டொலர் வழங்கும் இணக்கத்தோடு வழக்கு முடிந்தது. மொம்சன் கண்டித்தது கட்டணம் வாங்கிக்கொண்டு விரைவிலே பட்டம் கொடுத்தலை. இவ்வழக்கிலே முறையிடப்பட்டது கட்டணம் வாங்குவதற்காகவே பட்டத்தைத் தாமதித்தல். ஒன்றரை நூற்றாண்டில் நாம் அடைந்த முன்னேற்றம் இது போலும்!

இணையம் மெய்யாகவே மாற்றியது எதனை என்று கேட்டால், நூலகத்தை என்போம். 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தை அறிந்தவர்க்கு, ஆய்வாளன் வாழுமிடத்தில் நூல் இல்லாமை என்பது யாதென விளக்க வேண்டுவதில்லை. இன்று பல்கலைக்கழகத்திற் பதிந்த மாணவருக்கு ஆய்விதழ்களின் வாயில் வீட்டு மேசையிலேயே திறக்கின்றது. பதிவு முடிந்த மறுநாள் அது மூடிக்கொள்கின்றது என்பது வேறு விடயம். எதிர்த்திசையிலும் ஒரு நன்மை விளைந்திருக்கின்றது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகம் ஈழத்து ஏடுகளையும் இதழ்களையும் கட்டணமின்றி உலகுக்கு வழங்குகின்றது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து நம்மை ஆராய்பவர் இப்போது யாழ்ப்பாணத்தில் வதியாமலே யாழ்ப்பாணத்து இதழைப் படிக்கின்றனர்.

நூல் பயணம் செய்யக் கற்றுக்கொண்ட பின்னரும் மாணவர் பயணம் நிற்கவில்லை. சுவிற்சர்லாந்து நாட்டில், மலைகள் சூழ்ந்த சாஸ்-பே என்னும் கிராமத்திலே, 1994இல் ஐரோப்பியப் பட்டமேற் கல்லூரி தொடங்கிற்று. பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் பெயர்பெற்ற, மோட்டார் வண்டிகள் நுழையாத ஊர் அது. அங்கே அகாம்பென், பதியூ, ஸிஸெக் போன்றோர் கோடையிற் கூடிக் கற்பித்தனர். மாணவர் ஊர் திரும்பி ஆய்வேட்டை எழுதினர். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், 2000களின் நடுப்பகுதியில், காண்கலைகளில் கலாநிதிக் கல்விக்கென்றே ஒரு நிறுவகம் தோன்றிற்று. தொழில்புரியும் ஓவியரும் கலை ஆசிரியரும் இணையவழியே மெய்யியல் பயில்வர். வெனிஸ் கலைக்காட்சி, இத்தாலியின் துஸ்கனிப் பிரதேசத்துப் பழம்பண்ணைக் கோட்டை முதலிய இடங்களில் வதிவமர்வுகள் நடைபெறும்.

இவற்றை நாம் இகழவில்லை. ஓவியத்தைப் படத்திற் காண்பதும் சுவரிற் காண்பதும் ஒன்றல்ல; பதியூவின் நூலைப் படிப்பதும் அவரோடு வாதிடுவதும் ஒன்றல்ல. தொம்சனைப் பற்றி மேலே கூறியது இங்கும் பொருந்தும். ஒன்றை மட்டும் குறிக்கலாம். துஸ்கனியின் அத்தகைய பண்ணைகளில், நூற்றாண்டுக் கணக்காக உழவர் குடும்பங்கள் விளைச்சலிற் பாதியை நிலவுடைமையாளர்க்கு அளந்தன. புதிய வார ஒப்பந்தங்களை இத்தாலி 1964ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேதான் தடைசெய்தது. அழகுணர்ச்சி பற்றிய விவாதம் நடக்கும் மண்டபத்து மரமேசை எவருடைய விளைச்சலில் வாங்கப்பட்டது என்பதும் ஒரு கலாநிதி ஆய்வுக்குத் தக்க பொருளே.

2020இல் பெருந்தொற்று வந்தபோது உலகெங்கும் வதிவமர்வுகள் நின்றன. வாய்மொழிப் பரீட்சைகள் திரையிலே நடந்தன. பட்டங்கள் தொடர்ந்து வழங்கப்பட்டன. வதியாமலும் முடியும் என்பது அவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது. வதியாதபோது எதனை இழந்தோம் என்பதும் அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. இந்தியாவிலே பல்கலைக்கழக மானியக் குழு 2022இல், இணையவழிக் கலாநிதிக் கற்கைகளை வெளிநாட்டு நிறுவனங்களோடு கூடி விற்கும் கல்வித் தொழில்நுட்பக் கம்பனிகளைப் பற்றி எச்சரித்து, அப்பட்டங்கள் ஏற்கப்படமாட்டா என்று அறிவித்தது. பட்டத்தை நாடுவோர் பணத்தைச் செலுத்துமுன் அறியவேண்டிய செய்தி இது.

அமர்வுகள் மீண்டும் கூடத் தொடங்கியிருக்கின்றன. நம் நாட்டு ஆசிரியை ஒருவர், அட்டனிலோ வவுனியாவிலோ கற்பிப்பவர், இவ்வாறான கற்கையொன்றிற்கு அனுமதி பெறுகிறார் என்று கொள்வோம். கட்டணம் டொலரில். 2022இன் நெருக்கடியில் ஒரு டொலரின் விலை இரண்டு மாதத்துக்குள் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியதை அவர் மறந்திருக்கமாட்டார். வதிவமர்வு இத்தாலியிலாயினும் சுவிற்சர்லாந்திலாயினும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். 2024 யூன் முதல் அதன் விண்ணப்பக் கட்டணம் 90 யூரோ. மறுக்கப்பட்டால் அது திரும்பி வாராது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். வங்கிக் கணக்கிலே போதிய பணம் கிடந்தது என்பதற்கும், ஊர் திரும்புவார் என்பதற்கும் ஆதாரம் வேண்டும். அவருடன் இணையத்திலே ஒரே நூலைப் படிக்கும் அமெரிக்க மாணவி, கடவுச்சீட்டைக் கைப்பையில் இட்டுக்கொண்டு விமானம் ஏறுவாள். கற்கை முழுவதற்கும் நான்கு அமர்வுகள் எனின், நம் ஆசிரியை நான்கு முறை இவ்வாதாரங்களைத் திரட்ட வேண்டியிருக்கும்.

தூதரகம் கேட்கும் கடிதங்களுள் ஒன்று தொழில் தருபவரிடமிருந்து பெறவேண்டிய விடுமுறைக் கடிதம். அதற்காக அவர் தம் அதிபரின் அறைக்குச் செல்வார். கேள்வியை அதிபர் அன்பாகவே கேட்கக்கூடும்: இந்த நான்கு தடவையும், ரீச்சர், உங்களுடைய வகுப்புக்கு யார்?